பழைய டெஸ்க்டாப் எதற்காகக் காத்து நிற்கிறது?

பத்துப் பன்னிரண்டு வருடத்துக்கு முன் அசெம்பிள் செய்து வாங்கிய டெஸ்க்டாப் மெதுவாகிவிட்டது என்று கடையில் சொன்னால், "என்ன பிராசசர்?" என்பதுதான் பெரும்பாலும் முதல் கேள்வியாக வரும். பதிலைக் கேட்டதும், "அதெல்லாம் பழசு, புதுசு வாங்கிடுங்க" என்பார்கள். ஆனால் அந்த மெஷின் மெதுவாக இருப்பதற்கும் பிராசசருக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது. பிராசசர் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும். அது வேறு எதற்கோ காத்துக்கொண்டிருக்கும்.

ஏரி நிறையத் தண்ணீர் இருந்தாலும் மதகு திறந்திருக்கும் அளவுக்குத்தான் வயலுக்கு வரும். வாய்க்காலை எவ்வளவு அகலப்படுத்தினாலும் மதகு மாறாதவரை பயன் இல்லை. கம்ப்யூட்டரிலும் ஒரு நேரத்தில் ஒரு பாகம்தான் மதகாக இருக்கும். கையில் காசு குறைவாக இருக்கும்போது செய்ய வேண்டியது அந்த மதகைக் கண்டுபிடித்து அதற்கு மட்டும் செலவழிப்பதுதான்.

விளக்கத்துக்கு ஒரு மெஷினை எடுத்துக்கொள்வோம். 2014 வாக்கில் வாங்கியது. இன்டெல் கோர் ஐ3-4130 பிராசசர், எச்81 மதர்போர்டு, ஒரே ஸ்டிக்காக 4 ஜிபி டிடிஆர்3 ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க், 450 வாட் என்று ஸ்டிக்கர் ஒட்டிய எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி), விண்டோஸ் 10. வீட்டிலும் ஜெராக்ஸ் கடையிலும் ஆடிட்டர் ஆபீஸிலும் இன்னும் ஓடிக்கொண்டிருக்கும் ரகம். கையில் ஐயாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். (பெட்டி முழுவதையும் "சிபியூ" என்று சொல்வது நம் ஊர் வழக்கம். இங்கே பெட்டியைக் கேபினட் என்றும், உள்ளே இருக்கும் சில்லை பிராசசர் என்றும் சொல்கிறேன். கடையில் இரண்டையும் குழப்பிக்கொண்டால் செலவுதான் கூடும்.)

முதலில் பார்ப்பது, பிறகு வாங்குவது

கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். சின்னதாக வந்தால் கீழே "மோர் டீடெயில்ஸ்" என்பதை அழுத்தி விரித்துக்கொள்ளுங்கள். மெஷினை ஆன் செய்தவுடன் ஐந்து நிமிடம் எதையும் தொடாமல் "பர்ஃபார்மன்ஸ்" பக்கத்தைப் பாருங்கள். பிறகு வழக்கமாகத் திறக்கும் எல்லாவற்றையும் திறந்து இன்னொரு முறை பாருங்கள். சிபியூ, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் சதவீதம் காட்டும். (இந்தப் பக்கத்தில் சிபியூ என்பது பிராசசர், மெமரி என்பது ரேம்.)

நம் மெஷினில் டிஸ்க் 100 சதவீதத்திலேயே ஒட்டிக்கொண்டிருக்கும், சிபியூ 15, 20 சதவீதத்தில் ஊர்ந்துகொண்டிருக்கும். மதகு ஹார்ட் டிஸ்க்தான்.

ஏன் என்பதற்கு ஒரு சின்னக் கணக்கு. 7200 ஆர்பிஎம், அதாவது நிமிடத்துக்கு 7200 சுற்று சுற்றும் ஹார்ட் டிஸ்க்கில் தட்டு ஒரு சுற்றுச் சுற்ற 8.3 மில்லிசெகண்ட் ஆகும். வேண்டிய தகவல் படிக்கும் தலைக்கு அடியில் வந்து சேரச் சராசரியாக அரைச் சுற்று, அதாவது 4.2 மில்லிசெகண்ட். தலை சரியான தடத்துக்கு நகர இன்னும் 8, 9 மில்லிசெகண்ட். ஆக, ஒரு சின்னக் கோப்பை எடுக்கச் சுமார் 13 மில்லிசெகண்ட். இப்படி அங்கும் இங்குமாகச் சிதறிக் கிடக்கும் பத்தாயிரம் துண்டுகளைப் படிக்க வேண்டும் என்றால் 130 செகண்ட் ஆகிவிடும். ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாகப் போடும் எஸ்எஸ்டி, தகவலைச் சில்லுகளில் சேமிப்பது; அதில் சுற்றும் தட்டும் இல்லை, நகரும் தலையும் இல்லை. ஒரு துண்டுக்குச் சுமார் 0.1 மில்லிசெகண்ட்தான். அதே பத்தாயிரம் துண்டு ஒரு செகண்டில் முடிந்துவிடும். விண்டோஸ் எழுந்திருப்பதும் பிரவுசர் திறப்பதும் இப்படிச் சிதறிய துண்டுகளைப் பொறுக்கும் வேலைதான். எஸ்எஸ்டி போட்டதும் மெஷின் வேறு மெஷின் போல ஆவது இதனால்தான். விளம்பரத்தில் பெரிதாகப் போடும் "செகண்டுக்கு 550 எம்பி" இதற்குக் காரணம் இல்லை.

இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. ரேம், அதாவது திறந்திருக்கும் வேலைகளைத் தற்காலிகமாக வைக்கும் இடம், போதாமல் போனால் விண்டோஸ் என்ன செய்யும்? இப்போதைக்குத் தேவைப்படாத பக்கங்களை ரேமிலிருந்து எடுத்து டிஸ்க்கில் வைக்கும். திரும்பத் தேவைப்படும்போது டிஸ்க்கிலிருந்து எடுத்துவரும். 4 ஜிபி ரேமில் பிரவுசரில் எட்டு டேப் திறந்தாலே இந்தப் போக்குவரத்து ஆரம்பித்துவிடும். அதாவது ரேம் பற்றாக்குறை டாஸ்க் மேனேஜரில் டிஸ்க் கோளாறு போல வேஷம் போட்டுக்கொண்டு வரும். அதனால் டிஸ்க் 100 காட்டினால் பக்கத்திலேயே மெமரியையும் பாருங்கள். மெமரி 85-க்கு மேல் நின்றால் இரண்டுமே குறைவு. மெமரி 60-இல் இருக்க டிஸ்க் மட்டும் 100 என்றால் டிஸ்க் மட்டும்தான். நம் மெஷினில் இரண்டும் குறைவு. ஆனாலும் ஒன்றைத்தான் வாங்க முடியும் என்றால் எஸ்எஸ்டியை வாங்குங்கள். ரேம் நிரம்பி வழிந்தாலும் வழிவது வேகமான இடத்தில் விழும்.

சிபியூ விடாமல் 90-க்கு மேல் நின்றால்? புது பிராசசர் பற்றி யோசிக்கும் முன் "பிராசஸஸ்" பக்கத்தில் எந்த புரோகிராம் அதைத் தின்கிறது என்று பாருங்கள். ஒன்றுக்கு இரண்டாக ஆன்டிவைரஸ் ஓடிக்கொண்டிருப்பது வெகு சகஜம். ஒன்றை நீக்கினால் தீரும் வேலை அது.

செலவில்லாத வேலை

பவர் கார்டைப் பிடுங்கிவிட்டு, பவர் பட்டனை ஐந்து செகண்ட் அழுத்திப் பிடியுங்கள். உள்ளே தேங்கிய மின்சாரம் இறங்கிவிடும். கேபினட்டை வெளியே திண்ணைக்கோ மொட்டை மாடிக்கோ கொண்டுபோய் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, பெயின்ட் பிரஷ், ஏர் புளோயர் கொண்டு தூசு தட்டுங்கள். புளோயர் அடிக்கும்போது ஃபேன் இறக்கைகளை விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். காற்றின் வேகத்தில் ஃபேன் கண்டபடி சுற்றினால் பேரிங் கெடும். வாக்குவம் கிளீனரின் பிளாஸ்டிக் மூக்கை மதர்போர்டின் மேல் தேய்க்க வேண்டாம். நிலைமின்சாரம் உண்டாகும்.

பிராசசர் மேல் இருக்கும் கூலரின் அடியில் வெப்பம் கடத்தும் பேஸ்ட் ஒன்று பூசியிருக்கும். பத்து வருடத்தில் அது காய்ந்து பொருக்காகியிருக்கும். பிராசசர் 100 டிகிரி செல்சியஸை நெருங்கினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "பத்து நிமிஷம் நல்லா ஓடுது, அப்புறம் இழுக்குது" என்ற புகார் பெரும்பாலும் இதுதான். இன்டெல் கூலரில் நான்கு மூலையிலும் இருக்கும் பிளாஸ்டிக் குமிழ்களை அம்புக்குறி காட்டும் பக்கம் திருகி மேலே இழுத்தால் கழன்று வரும். பழைய பேஸ்ட்டைத் துணியில் ஐசோபுரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்துவிட்டு, பிராசசர் நடுவில் ஒரு பட்டாணி அளவு புதுப் பேஸ்ட் வையுங்கள். கையால் பரப்ப வேண்டியதில்லை, கூலரின் அழுத்தமே பரப்பிவிடும். திரும்ப மாட்டும் முன் குமிழ்களைப் பழைய நிலைக்குத் திருப்பிவைத்து, எதிரெதிர் மூலைகளாக அழுத்துங்கள். நான்கும் "க்ளிக்" என்று உட்கார்ந்ததா என்பதை போர்டின் பின்பக்கம் எட்டிப் பார்த்து உறுதிசெய்யுங்கள். ஒன்று தொங்கினாலும் சூடு குறையாது, கூடும்.

தேதியும் நேரமும் ஒவ்வொரு நாளும் பின்னுக்குப் போனால் மதர்போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் பேட்டரி தீர்ந்துவிட்டது. கைக்கடிகாரக் கடையிலேயே கிடைக்கும். நேரம் தப்பாக இருந்தால் பல இணையதளங்கள் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். அதை வைரஸ் என்று நினைத்து ஃபார்மேட் அடித்தவர்கள் உண்டு.

மதர்போர்டைப் பார்க்கும்போதே சின்ன உருளைகளாக நிற்கும் கெப்பாசிட்டர்களின் தலையையும் கவனியுங்கள். தட்டையாக இருக்க வேண்டும். உப்பியோ கசிந்தோ இருந்தால் அந்த போர்டுக்கு இனி ஒரு ரூபாயும் போட வேண்டாம்.

எஸ்எஸ்டி: எதை வாங்குவது, எப்படி மாட்டுவது

எச்81 போர்டுக்கு 2.5 இஞ்ச் சாட்டா (பழைய ஹார்ட் டிஸ்க்கை மாட்டியிருக்கும் அதே கேபிள் இணைப்பு) எஸ்எஸ்டிதான் வேண்டும். சூயிங்கம் பட்டை போல இருக்கும் எம்.2 என்விஎம்இ ரகத்துக்கு அந்தக் காலத்து போர்டுகள் பெரும்பாலானவற்றில் உட்கார இடம் கிடையாது. அடாப்டர் கார்டு போட்டு மாட்டினாலும் பழைய பயாஸ்கள் (மெஷினை ஆன் செய்ததும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) பெரும்பாலானவற்றுக்கு அதிலிருந்து பூட் செய்ய, அதாவது விண்டோஸைத் தொடங்கத் தெரியாது. அளவு 240 அல்லது 256 ஜிபி போதும். 120 ஜிபி வாங்க வேண்டாம். விண்டோஸும் அதன் அப்டேட்டுகளும் போக மிஞ்சுவது சீக்கிரம் நிரம்பிவிடும், எஸ்எஸ்டி நிரம்ப நிரம்ப எழுதும் வேகம் குறையும். ஐந்தில் ஒரு பங்கு எப்போதும் காலியாக இருக்கட்டும்.

2025 கடைசியிலிருந்து மெமரி சில்லுகளின் விலை உலகெங்கும் ஏறியிருக்கிறது. தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்களுக்கான சில்லுகள் பக்கம் திரும்பியதே முக்கியக் காரணம். அதனால் பழைய விலையை மனதில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகாதீர்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டோ கொழும்பு யூனிட்டி பிளாசாவோ, மூன்று கடையில் அன்றைய விலையைக் கேட்டுவிட்டு வாங்குவதே சரி. மூன்று வருட வாரண்டியும் பில்லும் வேண்டும். எஸ்எஸ்டியை மட்டும் செகண்ட் ஹேண்டில் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. எவ்வளவு எழுதித் தேய்ந்திருக்கிறது என்பது வெளியில் தெரியாது. "2 டிபி எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்" என்று ஆன்லைனில் வருவதெல்லாம் சின்ன மெமரி கார்டைப் பெரிய டிஸ்க் போலக் காட்ட ஏமாற்றி எழுதியவை. சந்தேகமாக இருந்தால் எச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருளால் முழுக்க எழுதிப் படித்துப் பார்த்தால் உண்மைக் கொள்ளளவு வெளிவந்துவிடும்.

போர்டில் எந்த சாட்டா சாக்கெட்டில் குத்துவது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. எச்81-இல் இரண்டு சாக்கெட் 6 ஜிகாபிட், மற்றவை 3 ஜிகாபிட். பெரும்பாலும் நிறம் வேறாக இருக்கும், போர்டிலேயே சின்ன எழுத்தில் அச்சிட்டும் இருக்கும். எஸ்எஸ்டியை 6-இல் குத்தி, பழைய ஹார்ட் டிஸ்க்கை 3-க்குத் தள்ளுங்கள். உங்களுடையது அதற்கும் முந்தைய எச்61 போர்டு என்றால் சிப்செட்டிலேயே 3 ஜிகாபிட் மட்டும்தான். கவலைப்பட வேண்டாம், பெரிய கோப்பைக் காப்பி செய்யும் வேகம் பாதியாகும், ஆனால் மேலே சொன்ன 0.1 மில்லிசெகண்ட் கணக்கு மாறாது. வித்தியாசத்தை உணர்வது கடினம்.

எஸ்எஸ்டிக்கு எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து ஒரு சாட்டா பவர் இணைப்பும் வேண்டும். காலியாக இல்லையென்றால் பழைய நான்கு முள் இணைப்பிலிருந்து மாற்றும் கேபிள் விற்பார்கள். அதில் சாட்டா பக்கத் தலை ஒரே கட்டியாக வார்த்த பிளாஸ்டிக்காக இருந்தால் வாங்காதீர்கள். உள்ளே கம்பிகள் நெருங்கித் தொட்டு உருகிய சம்பவங்கள் அந்த ரகத்தில்தான் அதிகம். ஒயர்களைத் தனித்தனியாகச் செருகியிருப்பது தெரியும் ரகமே நல்லது. பொருத்தும் பிராக்கெட் இல்லையா, இரட்டைப் பக்க டேப்பால் கேபினட் சுவரில் ஒட்டிவிடுங்கள். உள்ளே அசையும் பாகம் ஏதும் இல்லாததால் எந்தக் கோணத்தில் கிடந்தாலும் ஓடும்.

பழைய விண்டோஸை அப்படியே நகலெடுப்பதா, புதிதாகப் போடுவதா? புதிதாகப் போடுங்கள். நகலெடுத்தால் பத்து வருடக் குப்பையும் கூடவே வரும். போதாததற்கு, பெரிய டிஸ்க்கிலிருந்து சின்ன டிஸ்க்குக்கு நகலெடுக்க முதலில் பார்ட்டிஷனை (டிஸ்க்கில் பிரித்து வைத்திருக்கும் பகுதியை) சுருக்க வேண்டும். பழகாத கைக்கு அது ஆபத்தான வேலை. லைசென்ஸ் போய்விடுமோ என்ற பயமும் வேண்டாம். முறையாக ஆக்டிவேட் செய்த விண்டோஸ் 10-இன் டிஜிட்டல் லைசென்ஸ் மதர்போர்டோடு பிணைந்திருக்கும். டிஸ்க்கை மாற்றிப் போட்டு இணையத்தில் இணைத்ததும் தானே ஆக்டிவேட் ஆகும். மதர்போர்டை மாற்றினால்தான் வம்பு.

செய்முறை இதுதான். முக்கியக் கோப்புகளை வெளியே ஓரிடத்தில் காப்பி எடுத்துவிடுங்கள். 8 ஜிபி பென் டிரைவில் மைக்ரோசாஃப்ட்டின் மீடியா கிரியேஷன் டூல் மூலம் இன்ஸ்டாலரை எழுதுங்கள். அணைத்துவிட்டு எஸ்எஸ்டியை மாட்டுங்கள். பிறகு, பலரும் தவறவிடும் படி: பழைய ஹார்ட் டிஸ்க்கின் சாட்டா கேபிளைக் கழற்றிவிடுங்கள். இரண்டும் மாட்டியிருந்தால் விண்டோஸ் தன் பூட் கோப்புகளைப் பழைய டிஸ்க்கிலேயே எழுதிவிடும். எல்லாம் நன்றாக ஓடும். ஒரு வருடம் கழித்துப் பழைய டிஸ்க் செத்தாலோ அதைக் கழற்றினாலோ, நல்ல நிலையில் இருக்கும் எஸ்எஸ்டியும் பூட் ஆகாது. யாருக்கும் காரணம் புரியாது.

மெஷினை ஆன் செய்து டிலீட் அல்லது எஃப்2 பட்டனைத் தட்டி பயாஸுக்குள் போய், சாட்டா மோட் என்பது ஏஎச்சிஐ என்று இருக்கிறதா பாருங்கள். ஐடிஇ என்று இருந்தால் மாற்றிவிட்டு இன்ஸ்டால் செய்யுங்கள். இன்ஸ்டால் செய்து முடித்தபிறகு மாற்றினால் நீலத் திரையில் விழும். முடிந்ததும் ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப மாட்டி, பூட் வரிசையில் எஸ்எஸ்டியை முதலில் வையுங்கள். படங்கள், பாட்டு, ஸ்கேன் கோப்புகள் ஹார்ட் டிஸ்க்கிலேயே இருக்கட்டும். எஸ்எஸ்டிக்கு டீஃப்ராக் (சிதறிய துண்டுகளை ஒழுங்குபடுத்தும்) மென்பொருள் எதையும் போட வேண்டாம், அதற்கான பராமரிப்பை விண்டோஸே செய்துகொள்ளும்.

ரேம்: பொருந்துவது மட்டும்தான் பொருந்தும்

டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கத்தில் "ஸ்லாட்ஸ் யூஸ்டு: 1 ஆஃப் 2" என்று இருக்கும். நம் மெஷினில் ஒரு ஸ்லாட் காலி. இருக்கும் ஸ்டிக்கைக் கழற்றி ஸ்டிக்கரைப் படியுங்கள். டிடிஆர்3-1600 என்றோ, பிசி3-12800 என்றோ இருக்கும். இரண்டும் ஒன்றுதான். பிசி3-10600 என்றால் 1333. இரண்டு வேகங்களைக் கலந்து மாட்டினால் இரண்டும் குறைந்த வேகத்தில் ஓடும், கெடாது.

இன்னொரு 4 ஜிபி வாங்கி 8 ஆக்குவதுதான் சிக்கனமான வழி. இரண்டு ஸ்டிக் ஆனதும் டூயல் சேனல் என்ற முறையில் இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு இல்லாத மெஷின்களில் திரைக்கான மெமரியும் ரேமிலிருந்தே எடுக்கப்படுவதால் இது கொஞ்சம் உதவும். ஆபீஸ் வேலை, பிரவுசர், ஜூம் கூட்டம் ஆகியவற்றுக்கு 8 போதும். ஃபோட்டோஷாப்பில் ஃபிளக்ஸ் டிசைன் செய்பவர்கள் இரண்டு 8 ஜிபி போட்டு 16 ஆக்கலாம். எச்81-க்கு அதுதான் உச்சம்.

டிடிஆர்3 புதிதாக வாங்கத் தேவையில்லை. ரேமில் தேய்மானம் என்று ஒன்று பெரிதாக இல்லை, செகண்ட் ஹேண்டே சரி. ஆனால் மூன்று இடத்தில் ஏமாறலாம். டிடிஆர்2, டிடிஆர்3 இரண்டுக்கும் 240 முள்தான், ஆனால் நடுவில் இருக்கும் வெட்டு இடம் மாறியிருக்கும். அழுத்தினால் போகாது, வலுக்கட்டாயமாக அழுத்தினால் ஸ்லாட் உடையும். லேப்டாப் ரேம் பாதி நீளம், அது ஆகாது. மூன்றாவதுதான் மோசமானது: "ஏஎம்டி மட்டும்" என்று சின்ன எழுத்தில் போட்டு மலிவாக விற்கும் 8 ஜிபி டிடிஆர்3. அதன் சில்லுகள் அடுக்கப்பட்டிருக்கும் விதம் இன்டெல் மெஷின்களுக்குப் புரியாது. சரியாகத்தான் உட்காரும், திரை வராது. கடைக்காரரும் "போர்டு போச்சு" என்று சொல்லக்கூடும்.

மாட்டிய பிறகு பீப் சத்தமும் கருப்புத் திரையும் வந்தால் பதற வேண்டாம். ஸ்டிக்கைக் கழற்றி அதன் தங்க முலாம் பட்டையைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, தூளை ஊதிவிட்டு, இரு பக்கமும் பூட்டு விழும்வரை நேராக அழுத்துங்கள். பத்தில் பல முறை அது போதும். பிறகும் வரவில்லையென்றால் ஒவ்வொரு ஸ்டிக்காகத் தனியே போட்டுப் பாருங்கள். இரவில் மெம்டெஸ்ட்86 என்ற ரேம் சோதனை மென்பொருளை ஓடவிட்டு ஒரு பிழைகூட இல்லை என்று வந்தால்தான் செகண்ட் ஹேண்ட் ரேமை நம்பலாம். இன்னொன்று: 32 பிட் விண்டோஸ் வைத்திருப்பவர்கள் எத்தனை ஜிபி போட்டாலும் அது 4 ஜிபிக்கு மேல் தொடாது. 64 பிட்டுக்கு மாறியே ஆக வேண்டும்.

கிராஃபிக்ஸ் கார்டு என்ற ஆசை

யூடியூப் 1080பி தட்டுத்தடுமாறி ஓடுகிறது என்பதற்காகப் பலர் இங்கே பணத்தைக் கொட்டுவார்கள். நம் ஐ3-4130 போன்ற நான்காம் தலைமுறை இன்டெல்லில் இருக்கும் உள்கிராஃபிக்ஸுக்கு எச்.264 என்ற முறையில் சுருக்கிய வீடியோவைத் தானே பிரிக்கத் தெரியும். யூடியூப் இப்போது அனுப்புவது பெரும்பாலும் விபி9, ஏவி1 ரகங்கள். அவற்றின் பாரம் பிராசசர் தலையில் விழுகிறது. எச்.264-ஐ மட்டும் கேட்டு வாங்கும் இலவச எக்ஸ்டென்ஷன் ஒன்றைப் பிரவுசரில் போட்டாலே தடுமாற்றம் நின்றுவிடும்.

கார்டு வாங்கியே தீருவது என்றால், என்விடியாவின் ஜிடி 710 வேண்டாம். அதற்கும் விபி9 தெரியாது. ஜிடி 1030 வாங்கினால் ஜிடிடிஆர்5 மெமரி உள்ளதாகப் பாருங்கள். அதே பெயரில் வரும் டிடிஆர்4 பதிப்பு கணிசமாக மெதுவானது. சந்தேகத்துக்கிடமான விலையில் வரும் 1050 டிஐ பலவும் பழைய 450, 550 வரிசைக் கார்டுகளின் பயாஸைத் திருத்திப் பெயர் மாற்றியவை. ஜிபியூ-இசட் என்ற இலவச மென்பொருள் அவற்றைப் போலி என்று காட்டிக்கொடுக்கும்.

எந்தக் கார்டானாலும் எஸ்எம்பிஎஸ் தாங்குமா என்பது முன்னாலேயே நிற்கும் கேள்வி. மதர்போர்டு ஸ்லாட் கொடுப்பது 75 வாட் வரைதான். அதற்கு மேல் வேண்டும் கார்டுகளுக்கு 6 அல்லது 8 முள் இணைப்பு தனியாக வேண்டும். கேபினட்டோடு இலவசமாக வந்த எஸ்எம்பிஎஸ்ஸின் ஸ்டிக்கரில் இருக்கும் 450 வாட்டை நம்பி அதை மாட்டாதீர்கள். பயாஸில் ஹார்டுவேர் மானிட்டர் பக்கத்தில் 12 வோல்ட் வரி 11.4-க்கும் 12.6-க்கும் இடையில் இருக்க வேண்டும். கீழே இறங்கினாலோ, வேலை கூடும்போதெல்லாம் மெஷின் தானே ரீஸ்டார்ட் ஆனாலோ, மாற்ற வேண்டியது எஸ்எம்பிஎஸ். அதைத் திறந்து பழுது பார்க்க முயல வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே உயர் மின்னழுத்தம் தேங்கியிருக்கும். டெல், எச்பி, லெனோவோ ஆபீஸ் மாடல்கள் பலவற்றில் பவர் இணைப்பே அவர்களுக்கென்று தனியானது, கடையில் கிடைக்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் பொருந்தாது.

பிராசசரைப் பற்றிச் சுருக்கமாக. ஐ3-4130 இருக்கும் அதே சாக்கெட்டில் ஐ5-4570 உட்காரும். இரண்டு கோருக்குப் பதில் நான்கு. செகண்ட் ஹேண்டில் மட்டுமே கிடைக்கும். வாங்கும் முன் உங்கள் மதர்போர்டு தயாரிப்பாளரின் பட்டியலில் அந்த எண்ணும் அதற்குத் தேவையான பயாஸ் பதிப்பும் இருக்கிறதா என்று பாருங்கள். முட்கள் பிராசசரில் இல்லை, போர்டில் இருக்கின்றன. ஒன்று வளைந்தாலும் போர்டு வீண். எஸ்எஸ்டியும் ரேமும் போட்ட பிறகும் டாஸ்க் மேனேஜரில் சிபியூ 100-இல் நிற்கிறது என்றால் மட்டும் இதற்கு வாருங்கள்.

விண்டோஸ் 10 முடிந்த பிறகு

விண்டோஸ் 10-க்கான வழக்கமான பாதுகாப்பு அப்டேட்டுகள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. பதிவு செய்துகொள்ளும் வீட்டுப் பயனர்களுக்கு 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்பு. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாகக் கேட்பது டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதியும், இன்டெல்லில் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய பிராசசரும். நம் நான்காம் தலைமுறை அதில் சேராது. தடையைத் தாண்டி இன்ஸ்டால் செய்யும் வழிகள் உண்டு, ஆனால் அப்படிப் போட்ட மெஷினுக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. வங்கி வேலையும் வாடிக்கையாளர் கணக்கும் இருக்கும் மெஷினில் அந்த வழியை நான் சொல்ல மாட்டேன்.

பிரவுசரும் டைப்பிங்கும்தான் வேலை என்றால் விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு 4 ஜிபியிலேயே நன்றாக ஓடும், இலவசம். பென் டிரைவில் எழுதி, இன்ஸ்டால் செய்யாமலேயே ஓட்டிப் பார்க்கலாம். வைஃபை, சவுண்டு, பிரிண்டர் மூன்றையும் அந்தச் சோதனையிலேயே பாருங்கள். நம் ஊர்க் கடைகளில் பரவலாக இருக்கும் கேனான் எல்பிபி 2900 பிரிண்டர் லினக்ஸில் தகராறு செய்யும் ரகம். தமிழ்99 விசைப்பலகை லினக்ஸில் தட்டச்சுக்கான ஐபஸ், எம்17என் மென்பொருள்கள் மூலம் கிடைக்கும். ஆனால் பேஜ்மேக்கரில் பாமினி போன்ற பழைய எழுத்துருக்களை வைத்துத் திருமணப் பத்திரிகை அடிக்கும் டிடிபி கடைக்கு இது ஒத்துவராது. அந்த மென்பொருள்கள் விண்டோஸை விட்டு வராது. அப்படிப்பட்ட மெஷினை இணையத்திலிருந்து துண்டித்து, டிடிபிக்கு மட்டும் வைத்துக்கொள்வது நடைமுறைக்கு உகந்த ஏற்பாடு.

எங்கே நிறுத்துவது

வாங்கும் ஒவ்வொரு பொருளையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: இந்த மெஷின் செத்தால் இது அடுத்த மெஷினுக்கு வருமா? எஸ்எஸ்டி வரும். நல்ல எஸ்எம்பிஎஸ் வரும். மானிட்டரும் யுபிஎஸ்ஸும் வரும். டிடிஆர்3 ரேம் வராது, அந்த சாக்கெட்டின் பிராசசர் வராது. வருபவற்றுக்குத் தாராளமாகவும் வராதவற்றுக்குக் கஞ்சத்தனமாகவும் செலவழித்தால், பழைய மெஷினுக்குப் போட்ட காசில் பாதிக்கு மேல் கையிலேயே இருக்கும்.

இந்தக் கணக்கில் கோர் 2 டுவோ, டிடிஆர்2 காலத்து மெஷின்கள் தேறாது. எஸ்எஸ்டி ஒன்று போடுங்கள், அதோடு சரி. நம் ஐ3-க்கோ எஸ்எஸ்டி, 4 ஜிபி ரேம், பேஸ்ட், பட்டன் பேட்டரி. அதற்கு மேல் பிராசசர், எஸ்எம்பிஎஸ், கார்டு என்று பட்டியல் நீண்டால், ஐ5-8500 போட்ட செகண்ட் ஹேண்ட் ஆபீஸ் டெஸ்க்டாப் என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று விசாரியுங்கள். 2018-இல் வந்த ஆறு கோர் பிராசசர் அது, விண்டோஸ் 11-க்கு அதிகாரபூர்வமாகத் தகுதி உள்ளது. உங்கள் பட்டியலின் மொத்தம் அதன் விலையில் பாதியைத் தாண்டினால் அதையே வாங்குங்கள், எஸ்எஸ்டியைக் கழற்றி அதில் மாட்டிக்கொள்ளலாம்.

மிஞ்சிய பழைய ஹார்ட் டிஸ்க்கை, டிஸ்க்கின் நிலையைக் காட்டும் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் பாருங்கள். நீலம் என்றால் சேமிப்புக்கு வைத்துக்கொள்ளலாம். மஞ்சளில் "காஷன்" என்று காட்டினால் கெட்ட செக்டர்கள் சேர ஆரம்பித்துவிட்டன, குழந்தையின் ஃபோட்டோக்களை அதில் விட்டுவைக்காதீர்கள். எடைக்குப் போடுவதானாலும் விற்பதானாலும், ஃபார்மேட் செய்யும்போது "குயிக் ஃபார்மேட்" பெட்டியில் இருக்கும் டிக்கை எடுத்துவிட்டுச் செய்யுங்கள். 500 ஜிபிக்கு ஒன்றரை, இரண்டு மணி நேரம் பிடிக்கும். அதில் ஆதாரும் பான் கார்டும் ஸ்கேன் செய்து வைத்திருந்தீர்கள் அல்லவா?